மலைக்கு வந்த விருந்தாளி

குமரா,

போன சனிக்கிழமை நீ வந்திருந்தபோது காலையிலிருந்து மத்தியானம் வரை மோட்டார் சைக்கிளைக் கழுவினாய். கழுவின இடத்தையே திரும்பவும் கழுவினாய். நான் வாசலுக்கு வந்து பேச்சை எடுத்த போதெல்லாம் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாய். அம்மாவிடம் பேசப் பிடிக்காத பிள்ளைகள் இப்படி ஏதாவது ஒரு வேலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? உன் அப்பாவும் என்னோடு சண்டை என்றால் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் ரயில் இஞ்சினையே பிரித்து மாட்டுகிற மனுஷன். அந்த ரேடியோ மட்டும் இன்றுவரை ஒரு பாட்டுப் பாடியதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்துக்கு முன்னால் நீ எந்தக் குழாயையும் திறக்க முடியாது. பட்டாள முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நீ வாரா வாரம் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாய், சாப்பிடுகிறாய், அப்பாவோடு பந்து விளையாட்டுப் பார்க்கிறாய். ஆனாலும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. சமாதானப் படையின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு சுபாங் ஏர்போர்ட்டிலிருந்து போனாயே, அந்தப் பிள்ளை குளிக்கப் போனால் பக்கத்து குவாட்டர்ஸ் வரை பாட்டுக் கேட்கும். பாதி வரிகள் தப்பு. இருந்தாலும் பாட்டு. போஸ்னியா என்ற பெயரையே அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. நீ போன பிறகு அந்த நாட்டின் பனியும் மலையும் டிவியில் வரும்போதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவேன். அங்கிருந்து நீ போன் பண்ணும்போது, 'இன்னைக்கி என்னம்மா சமையல்?' என்றுதான் முதலில் கேட்பாய். என்ன சமைத்திருந்தாலும் உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு என்றே சொல்வேன். அங்கே உட்கார்ந்து நீ ஏங்குவாய் என்று பிறகுதான் உறைக்கும். எல்லாம் முடிந்து நீ முழுசாகத் திரும்பி வந்தாய். வீரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் செலுத்தினேன். ஆனால் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

நீ என்னிடம் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை. தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். மலைப்பாதையில் ஒரு தடுப்பு, அங்கே உங்கள் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று ஆரம்பித்தாய். அந்த ஊரின் பெயர் என் வாயில் நுழையாது. கீழே ஊர், மேலே மலை, மலைமேல் துப்பாக்கி. அது போதும் எனக்கு. காத்துக் கிடந்த இடத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் அந்த ஊர்க்காரன் இல்லை. வேறு நாட்டுக்காரன். சண்டையில் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. நல்ல சட்டை, நல்ல பூட்ஸ், தோல் உறையில் துப்பாக்கி, இங்கிலீஷில் அன்பாகப் பேச்சு. லீவுக்கு வந்திருக்கிறேன் என்றானாம். உன் பையில் சாக்லேட்டை வைத்தான். உன் தோளில் கை போட்டுக்கொள்ள, அவனோடு வந்தவன் படம் எடுத்தான். பிறகு அவர்கள் மலைமேல் ஏறினார்கள், நீங்கள் கீழே ஊருக்குள் போனீர்கள். அன்று மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு தெருவைக் கடந்த ஒரு சின்னப் பெண் குண்டடிபட்டு விழுந்தாள். நீ ஓடிப் போய்த் தூக்கினாய். வண்டியிலேயே போய்விட்டாள். சாயங்காலம் அதே தடுப்பில் அதே ஆள் இறங்கி வந்தான். 'குட் ஹண்டிங் டுடே' என்றான். உன் சட்டையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, 'உனக்கு அடியா, தம்பி?' என்கிற மாதிரி அக்கறையாகக் கேட்டானாம். நீ, 'நோ சார்' என்றாயாம். இவ்வளவும் சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாய். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்த வக்கீல் பெண் நம் வீடு தேடி வந்தாள். அவளும் அந்த ஆளும் ஒரே நாடு. தன் நாட்டுக்காரன் அடுத்த நாட்டுச் சண்டைக்குள் புகுந்து ஜனங்களைக் கொன்றிருந்தால், தன் நாட்டுக் கோர்ட்டிலேயே நிறுத்திக் கேட்கலாம் என்று அவர்களுக்குச் சட்டம் இருக்கிறதாம். அந்த ஆள் உன்னோடு எடுத்த படத்தைத் தன் ஊரில் பலரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறான். அது இவள் கைக்கு வர, உன் நெஞ்சில் தைத்திருந்த பெயரைப் படித்து, எந்த நாட்டுப் பட்டாளம் என்று விசாரித்து, கடல் தாண்டி பிரிக்பீல்ட்ஸில் நம் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். எனக்கு அவளைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் தேநீர் கலக்கினேன். சீனியை அள்ளிப் போட்டேன். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. 'உங்க ஊர்க்காரன புடிக்க எங்க வீட்டுப் பையன் எதுக்குலா? உங்க ஊர்ல ஆள் இல்லையா?' என்று உன்னைக் கேட்கச் சொன்னேன். நீ பாதியை விழுங்கிவிட்டு மீதியைக் கேட்டாய். என் ஊர்க்காரன் என்பதால்தான் நான் வந்தேன், இல்லையென்றால் இது எனக்கு ஏன் என்று அவள் பதில் சொன்னாள். நீ வந்து நீதிபதி முன்னால் பார்த்ததைச் சொல்ல வேண்டும், போக வர ஏற்பாடு எங்களுடையது, முகாமில் அனுமதியும் நாங்களே கேட்கிறோம் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாய். ஆனால் அவளை ரயில்வே கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது உன் நடையே வேறாக இருந்தது. இவன் போகப் போகிறான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வரச் சொன்னது, சுமதியோடு உனக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்துக்கு முந்தின மாதம். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான். ஒரு தடவை அந்தப் பக்கம் அனுப்பியதற்கே என் பிள்ளையின் பாட்டுப் போய்விட்டது. இன்னொரு தடவை அனுப்பினால் எது போகுமோ? அடுத்த நாள் பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பந்தக்கால் நட்டுவிட்டால் மாப்பிள்ளை கடல் தாண்டக் கூடாது, எல்லை தாண்டக் கூடாது. இது நம் வீட்டில் யாரும் மீறாத வழக்கம். வழக்கமாகக் கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போதுதான் நடுவார்கள். நான் ஒரு மாதத்துக்கு மேலேயே இருக்க, குருக்களிடம் நாள் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, 'ஏம்மா, மூங்கில் காஞ்சு வெறகாயிடுமே, அவ்ளோ அவசரமா?' என்றார். வீட்டுக் கஷ்டம் சாமி, தடை எதுவும் வரக்கூடாது என்று ஏதோ உளறினேன். குவாட்டர்ஸ் வாசலில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குழியில் பாலும் நவதானியமும் போட்டு நட்டாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் காப்பி குடித்தார்கள். உன் அப்பா மட்டும் என் பக்கத்தில் வந்து, 'கால் நட்டது பந்தலுக்கா, பையன் காலுக்கா?' என்று கேட்டுவிட்டுப் போனார். நீ மூங்கிலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், 'சரிம்மா' என்றாய். அன்றே வக்கீலுக்குப் போன் பண்ணி, வர முடியாது என்று சொல்லிவிட்டாய். நான் ஜெயித்துவிட்டேன். அந்த ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன், பொய் சொல்வானேன்.

செனாடாவைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் தையல் பேக்டரியில், என் லைனில் காலர் தைக்கிற போஸ்னியாக்காரி. சண்டைக் காலத்தில் இங்கே தஞ்சம் கொடுத்துக் கொண்டுவந்தார்களே, அந்தக் குடும்பங்களில் ஒருத்தி. கை சுத்தம், ஒரு பீஸ் திரும்பி வராது. நம் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கும் எனக்கும் சந்தையில் பேசுகிற பாசார் மலாய்தான் பாலம். அவளுடைய மலாய் ஒரு பக்கம் நொண்டும், என்னுடையது மறு பக்கம் நொண்டும், எப்படியோ சேர்ந்து நடந்துவிடுவோம். இங்கே மழை பெய்தால் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்ப்பாள். எங்கள் ஊரில் இந்நேரம் பிளம் பழம் காய்ந்துகொண்டிருக்கும், வீடெல்லாம் அந்த வாசனைதான் என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போது மூச்சை இழுத்துப் பார்த்தாள், இங்கே தார் ரோட்டு வாசனைதான் வந்தது. நீ பட்டாளத்தில் அவள் நாட்டுக்குப் போய் வந்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து என் சாப்பாட்டுப் பெட்டியை அவளே கழுவித் தருவாள். அதற்கு மேல் நாங்கள் சண்டையைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

பந்தக்கால் நட்ட மறு வாரம் கேண்டீனில் லட்டுப் பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் கொடுத்தேன். செனாடாவும் ஒன்றை எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சாமர்த்தியத்தை அவளிடம் சொன்னேன். மலைமேல் இருந்து சுட வந்த வெளிநாட்டுக்காரன் ஒருத்தனைப் பற்றிச் சாட்சி சொல்ல என் மகனைக் கூப்பிட்டார்கள், நான் வாசலில் ஒரு மூங்கிலை நட்டு நிறுத்திவிட்டேன், எப்படி என்று சிரித்தேன். இப்படி ஒரு மடத்தனத்தை உன் அம்மாவைத் தவிர யார் செய்வார்கள்? அவள் சிரிக்கவில்லை. கடித்த லட்டைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். மூடியை மூடினாள். அந்தப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான், 'ஏன் செனாடா, சாக்கிட்டா?' என்று கேட்டேன், உடம்பு சரியில்லையோ என்று.

அப்புறம் அவள் சொன்னதை அவள் மலாயிலிருந்து என் தமிழில் எழுதுகிறேன், முடிந்தவரை அவள் சொன்ன மாதிரியே. 'அக்கா, எங்க தெருவுல பொம்பளைங்க எல்லாம் சேந்து பெட்ஷீட்டை ஒண்ணோட ஒண்ணு தச்சோம். அத கயித்துல போட்டு ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல தொங்க விட்டோம். மலையிலேருந்து பாத்தா தெரு தெரியக் கூடாதுன்னு. காத்து அடிச்சா பெட்ஷீட் தூக்கும். என் தங்கச்சி தண்ணிக்குப் போனப்ப காத்து அடிச்சிருச்சி.' நான் அவள் கையைப் பிடித்தேன். கையை இழுத்துக்கொள்ளாமல் பேசினாள். 'மேலேருந்து சுட்டவங்கள்ல எங்க ஊர்க்காரனும் இருந்தான். அவனுக்கு எங்க மேல கோபம். கோபம் எனக்குப் புரியும். ஆனா லீவு நாள்ல கார்ல வந்து, சுட்டுட்டு, வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பிள்ளைங்களோட உக்காந்து சாப்புட்டவன் இருக்கானே, அவனுக்கு எங்க மேல கோபம்கூட இல்ல அக்கா. என் தங்கச்சி யாருன்னே தெரியாம சுட்டான்.' அந்தச் சாக்லேட்காரன்தான் சுட்டானா என்று எனக்குத் தெரியாதே என்றேன். 'எனக்கும் தெரியாது. அவனா, வேற ஒருத்தனா. அத கேக்கத்தான் கோர்ட்டு. எங்க ஊரு கோர்ட்டுக்கு அவன் வர மாட்டான். எங்க ஆளுங்க போய் சொன்னா, பகையில சொல்றாங்கன்னு சொல்லிடுவாங்க. உன் மகன் எந்தப் பக்கமும் இல்ல. உன் மகன் சொன்னா கேப்பாங்க.' அவ்வளவுதான். பெல் அடித்தது. எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் தைத்த காலர்களில் நாலைந்து கோணலாக இருந்தன. நானே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

பேக்டரி வேனில் வீட்டுக்கு வரும்போது எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் தெரியாது, ஏனென்றால் எனக்கே தெரியாது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நான் கைக்குழந்தை. திரும்பி வரவில்லை. செத்தார் என்று ஒரே ஒருவர் வந்து சொன்னதை நம்பாமல் என் அம்மா கடைசி வரை பொட்டை எடுக்கவில்லை, நாள் தெரியாததால் திதியும் இல்லை. எனக்கு அவர் முகம் தெரியாது. முகம் தெரியாதவரைத் தேடுவது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லட்டுமா? எந்த வயதான மனுஷனைப் பார்த்தாலும் தேடலாம். கிள்ளான் பஸ்ஸில், மார்க்கெட்டில், கோயில் அன்னதான வரிசையில் எல்லாம் நான் தேடியிருக்கிறேன். எனக்கே பிள்ளை பிறந்த பிறகும் தேடியிருக்கிறேன்.

அந்தப் பாதை வேலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்த ஒரே ஆள் சின்னக்கண்ணு மாமா. என் அப்பாவை அடித்துக் கொன்ற கங்காணி ஜப்பான்காரன் இல்லை, ஜப்பான்காரனுக்குக் கீழே வேலைக்கு வந்த இன்னொரு நாட்டுக்காரன் என்று அவர் சொன்னார். அவனைக் கூப்பிடுகிற பெயர் தெரியும், ஒரு காது மடல் பாதிதான் இருக்கும், சொந்த ஊர்கூடத் தெரியும். சண்டை முடிந்ததும் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான். விசாரணைக்கென்று வந்த துரைமார்கள் தங்கள் ஆட்களை அடித்தவனைத்தான் தேடினார்கள். மாமாவை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்காததால் அவர் கேட்காதவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். சாவு வீட்டில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், கள்ளுக்கடையில் சொன்னார். கடைசியில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. 'மாமா, அவன் காது எப்புடி இருக்கும், காட்டுங்க' என்று பையன்கள் கேட்பார்கள். அவர் தன் காதை மடக்கிப் பிடித்துக் காட்டுவார், நிஜமாகவே கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. எல்லாரும் சிரிப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை குமரா. கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்காததால் அவர் உண்மை கள்ளுக்கடைச் சிரிப்பாகப் போய்விட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருந்தும் தெரியாமல் போயிற்றே என்று வேனிலேயே அழுதேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்னை வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். ரேடியோவைப் பிரித்து வைத்திருந்தவர் திருப்புளியைக் கீழே வைத்தார். 'கெளம்பு, கிள்ளானுக்குப் போவோம்' என்றார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளலாமா என்று நான் கேட்டதும் சம்பந்தி முகம் மாறிவிட்டது. லோரித் தொழிலில் இருக்கிறவர், எதையும் நேரே பேசுவார். 'பந்தக்கால் நட்டாச்சி, பத்திரிகை குடுத்தாச்சி, இப்ப வந்து இப்படி சொன்னா எப்படிலா? கல்யாணம்னா ஆயிரம் காலத்துப் பயிரு. மாப்ள நம்ம ஊரு கோர்ட்டு படியே ஏறக் கூடாது, இதுல வெளிநாட்டு கோர்ட்டு வேறயா? எவனோ எவனையோ சுட்டா நமக்கு என்ன?' என்றார். அப்பா தரையைப் பார்த்தார். போன மாதம் நான் சொன்னதைத்தான் அவர் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சுமதி காப்பித் தட்டோடு வந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தட்டை வைத்துவிட்டு, 'அப்பா, அந்தப் பொண்ண தூக்கினத பத்தி அவரு என்கிட்ட சொல்லியிருக்காரு. சொல்லிட்டு அன்னைக்கி முழுக்க சாப்புடல. அவரு போய்ட்டு வரட்டும்ப்பா. நான் எங்க போகப் போறேன்?' என்றாள். சம்பந்தி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய், உன் அப்பாவைப் போல அவசரப்படவில்லை. தை மாசத்துக்கு அவர் சம்மதித்துவிட்டார்; அரை மனசுதான், மீதியை நீ திரும்பி வந்து வாங்கிக்கொள்.

குருக்களிடமும் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நட்ட காலைக் கல்யாணம் நடக்காமல் எடுக்கிற வழக்கம் இல்லையம்மா, நான் பார்த்ததே இல்லை என்று அவர் தயங்கினார். நல்ல காரியத்துக்கு நடுகிற காலை நான் நல்ல காரியத்தைத் தடுக்க நட்டேன் சாமி, அந்தப் பாவத்தை எப்படி எடுப்பது என்று கேட்டேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, பால் ஊற்றி, மன்னிப்புக் கேட்டு எடுத்துவிடலாம், தையில் புதிதாக நட்டுக்கொள்ளலாம் என்றார். அப்பாவும் நானும் பகலில், எல்லாரும் பார்க்கத்தான் எடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்ன ஆச்சு, கல்யாணம் நின்னுபோச்சா என்று லைன் முழுக்கக் கேட்டார்கள். இல்லை, என் மகன் ஒரு வேலையாக வெளிநாடு போக வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பேசட்டும்.

இனி உன்னிடம் தனியாக ஒரு பேச்சு. நீ தயங்குவது பந்தக்காலால் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நானும் பார்த்தேன். வக்கீல் மேசையில் வைத்தபோது நீ உடனே கவிழ்த்து வைத்தாயே, அதற்குள் பார்த்துவிட்டேன். அவன் உன் தோளில் கை போட்டிருக்கிறான், நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். கோர்ட்டில் அதைக் காட்டுவார்கள், நீயும் இவனோடு சிரித்தவன்தானே என்பார்கள் என்று உனக்குப் பயம். அந்தச் சிரிப்பை உனக்கு நான்தான் கொடுத்தேன், குமரா. தோட்டத்தில் பிறந்தவள் நான். பெரிய மனுஷன் மாதிரி ஒருவன் வந்து பேசினால் சிரிக்க வேண்டும், கொடுத்தால் இரண்டு கையால் வாங்க வேண்டும், கேட்டால் சார் போட வேண்டும் என்று வளர்ந்தவள். உன்னையும் அப்படியே வளர்த்தேன். டாக்டரிடம், ஹெட்மாஸ்டரிடம், ஆபீஸ் கவுண்டரில் எல்லாம், 'சிரிடா, சிரிச்ச மொகமா இருடா' என்று உன் முதுகில் குத்தியிருக்கிறேன். காலையில் சிரித்தபோது அவன் யாரென்று உனக்குத் தெரியாது. சாயங்காலம் தெரிந்துவிட்டது, ஆனால் பழக்கம் வாயை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு எதையும் மறைக்காதே. சிரித்தேன், சாக்லேட் வாங்கினேன், 'நோ சார்' என்றேன் என்று எல்லாவற்றையும் அப்படியே சொல். பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தையும் கூட்டாதே. அவன் சுட்டதை நீ பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல். தனக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்கிறவனைத்தான் நீதிபதி நம்புவார். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழில் சொல்கிறேன், ஆள் வையுங்கள் என்று கேள். வெட்கம் இல்லை. உன் வாய்க்குப் பழக்கமான மொழியில் சொன்னால்தான் பொய் கலக்காது.

வக்கீல் கொடுத்துவிட்டுப் போன அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். நான் போன் பண்ணவில்லை. ஒரு தடவை உனக்குப் பதிலாக நான் முடிவு செய்தது போதும். போவதும் போகாததும் உன் இஷ்டம். நீ போகாவிட்டாலும் தையில் கல்யாணம், நீ என் பிள்ளை, நண்டுக் குழம்பும் உண்டு. ஆனால் அம்மா தடுத்துவிட்டாள் என்று மட்டும் இனி நீ யாரிடமும் சொல்ல முடியாது. செனாடாவிடம் நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நேற்றுத்தான் தன் தங்கையின் பெயரைச் சொன்னாள். அம்ரா. கோர்ட்டில் சொல்லச் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றாள். நீ தூக்கிய பெண்ணைப் பற்றி நான் சொல்லியிருந்தேன், அந்தப் பெண்ணின் பெயர் உனக்குத் தெரியாதே என்று செனாடாவுக்கு வருத்தம்.

நீ போனால், அவன் பக்கத்து வக்கீல் உன்னைச் சும்மா விட மாட்டான். எங்கேயோ மலேசியாவில் இருக்கிறவன், மதம் வேறு, பாஷை வேறு, இத்தனை வருஷம் கழித்து உனக்கு இதில் என்ன அக்கறை, அந்தப் பெண் உனக்கு என்ன உறவு என்று கேட்பான். அதற்குப் பெரிய பதில் எதையும் தேடாதே. எந்த உறவும் இல்லை, நான்தான் தூக்கினேன் என்று சொல்.

அம்மா